அத்தை ஓட்டிய விண்கலம்

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கல்லங்குறிச்சிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, அரியலூரில் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஸ்கூட்டியில் பெரம்பலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சாலையில் சிமெண்ட் லாரிகள் ஓயாமல் ஓடும். வெயில் காலத்தில் அவை கிளப்பும் தூசி கண்ணில் விழும். தூறல் போட்டால் அதே தூசி சேறாகிச் சக்கரத்தை இழுக்கும். பதினைந்து வருடமாக ஓட்டுகிற சாலை, எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அன்று போட்டிருந்த தூறலில் ஒரு வளைவில் வண்டி சரிந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டிகூட இல்லை. மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். ஒருத்தி தன் தலைத்துண்டை அவிழ்த்து என் காலைக் கட்டினாள். அவள் முகம் எனக்கு நினைவில் இல்லை. துண்டு நீல நிறம்.

வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. திருச்சியில் அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். மூன்று மாதம் அந்தக் கால் தரையில் படவே கூடாது என்றார் டாக்டர்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். கணவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர், விடிவதற்கு முன்னால் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். என்னை யார் பார்த்துக்கொள்வது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே, திருமானூரிலிருந்து என் மாமியார் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கிவிட்டார்.

அத்தைக்கு அறுபத்திரண்டு வயது. மாமா காலமான பிறகு திருமானூரில் தனியாக இருக்கிறார். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. எல்லாவற்றையும் தானே நின்று பார்ப்பார். எங்கள் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை. அவரும் நானும் சண்டை போட்டதில்லை, சண்டை வருகிற அளவுக்குப் பேசிக்கொண்டதும் இல்லை. அப்படிப்பட்டவர் எனக்குப் படுக்கையிலேயே பெட்பேன் வைத்து எடுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

"வெக்கப்பட இதுல என்னா இருக்கு? மாட்டுக்குப் பிரசவம் பாத்தவ நான். நவுந்து படு" என்றார்.

அதோடு சரி. அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் வரவில்லை.

என் கட்டிலை ஹாலுக்கு மாற்ற இடம் வேண்டியிருந்ததால், கணவர் ஒரு விடுமுறை நாளில் பரணில் கிடந்ததை எல்லாம் இறக்கி ஒழுங்குபடுத்தினார். அதில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பழைய டிவி கேம் பெட்டி ஒன்றும், இரண்டு ஜாய்ஸ்டிக்கும், நான்கு கேசட்டுகளும் இருந்தன. நான் ஏழாவது படிக்கும்போது சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா திருச்சியிலிருந்து வாங்கி வந்தது. கல்யாணமாகி வரும்போது பாத்திரங்களோடு பாத்திரமாக அதுவும் வந்திருந்தது. இத்தனை வருடம் அதை நான் நினைத்ததுகூட இல்லை.

"தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார் கணவர்.

"ஓடுதான்னு பாருங்களேன். படுத்துக் கிடக்கிறதுக்குப் பொழுது போவும்" என்றேன்.

ஓடவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். பாய் இரண்டு நாள் வைத்திருந்து, வீங்கிப்போயிருந்த ஏதோ ஒன்றை மாற்றி, எங்கள் புது டிவியில் சொருகுகிற மாதிரி ஒரு ஒயரும் செய்து கொடுத்தனுப்பினார்.

நான்கு கேசட்டில் ஒன்றுதான் வேலை செய்தது. விண்கலம் ஒன்று மேலே பறக்கும், எதிரே வருவதை எல்லாம் சுட வேண்டும். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு நான் அதை ஆடுவேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். இரண்டாம் நாள் சொன்னார்:

"வர்றதெல்லாம் நேத்து வந்த எடத்துலயேதான் வருது."

"அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க அத்தே."

"வேற கேசட்டு கெடைக்காதா?"

"இந்தப் பொட்டிக்கு இப்ப யாரும் கேம் செய்யறதில்ல. கம்பெனிக்காரங்க கைவிட்டே ரொம்ப வருஷம் ஆவுது."

"நீ கம்ப்யூட்டர் டீச்சருதானே. நீ செய்யி."

அவர் வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் அதைச் சொன்னார். நான் சிரித்தேன். ஆனால் அன்று மதியம் தூக்கம் வரவில்லை. லேப்டாப்பை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினேன். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், கைவிடப்பட்ட அந்தப் பெட்டிக்கு இன்னமும் தாங்களாகவே கேம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எப்படி எழுதுவது என்று ஒன்று விடாமல் விளக்கியும் வைத்திருந்தார்கள், இலவசமாக. அந்தப் பெட்டியைப் போலவே லேப்டாப்பில் ஓடும் நகல் ஒன்றும் கிடைத்தது. முதலில் அதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் மைக்ரோபிராசசர் பாடத்துக்கு ஒரு சின்னப் பலகை தருவார்கள். அதில் எண்களைத் தட்டி இரண்டு எண்ணைக் கூட்டிக் காட்டினால் மார்க். வாழ்க்கையில் இது எதற்குப் பயன்படப்போகிறது என்று அப்போது நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இருபது வருடம் கழித்து அதே மாதிரியான மொழி என் முன்னால் வந்து நின்றது. முழுக்க மறந்திருந்தேன். ஒரு வெள்ளைப் புள்ளியைத் திரையில் கொண்டுவரவே மூன்று நாள் ஆயிற்று. புள்ளி விண்கப்பலாக மாற இன்னும் ஒரு வாரம். அம்பு விசையை அழுத்தினால் அது இடமும் வலமும் போனபோது, அடுப்படியில் இருந்த அத்தையைக் கத்திக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"கப்பலா இது? கொண்ட ஊசி மாரி இருக்கு."

ஆனால் நின்று, நான்கைந்து தடவை நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எதிரே வருவதற்கு என்ன உருவம் வைப்பது என்று யோசித்தபோது சுருள் கல்தான் ஞாபகம் வந்தது. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெட்டிப் போட்ட மண்ணில், நத்தை மாதிரிச் சுருண்ட கடல் உயிரினங்கள் கல்லாகிக் கிடக்கும். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் பையில் ஒன்று இருக்கும். அந்தச் சுருளைச் சின்னக் கட்டங்களுக்குள் வரைவது சுலபமாகவும் இருந்தது, அது சுழன்றபடி இறங்கி வந்தபோது பார்க்க நன்றாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பகல் பொழுது ஒரு ஒழுங்குக்கு வந்தது. காலையில் நான் எழுதுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை ஆடிப் பார்ப்பார். கரும்புக்காட்டில் வேலை செய்து மரத்துப்போன விரல்கள் அவருடையவை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை பட்டனை அழுத்த அவரால் முடியவில்லை. அமுக்கிப் பிடித்துக்கொண்டால் தானாகவே சுடும்படி மாற்றினேன். இரண்டு நாள் ஆடிவிட்டு, "அது பாட்டுக்குச் சுட்டுக்கிட்டு இருக்கு. நான் எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி சூடேறி நின்றுவிடும், கையை எடுத்தால்தான் ஆறும் என்று வைத்தேன். அதன் பிறகு அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார்.

இன்னொன்றை எனக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"ஒரே வரிசையில நெறைய கல்லு வந்தா, கடைசியில இருக்குறது காணாமப் போயிடுது. அப்புறம் எங்கிருந்தோ வந்து இடிக்குது. இது அநியாயம்."

அது அந்தப் பெட்டியின் குறை. திரையில் ஒரு கோட்டில் எட்டு உருவங்களைத்தான் அதனால் வரைய முடியும். ஒன்பதாவது உருவம் இருக்கும், ஆனால் தெரியாது. இதை அத்தைக்கு விளக்கினேன்.

"எந்த எட்ட வரையும்?"

"பட்டியல்ல முதல்ல இருக்குற எட்டு."

"பட்டியல் யாரு எழுதுறது?"

"நான்தான்."

"அப்ப மொறைய மாத்தி வுடேன். வாய்க்காத் தண்ணி கம்மியா வந்தா நாங்க என்னா பண்ணுவோம்? நேத்திக்குக் கடைசியா பாஞ்ச வயலுக்கு இன்னைக்கு மொத மொற. ஒருத்தனையே எப்பவும் கடைசியில வச்சா அவன் வயலு காஞ்சிதான் போவும்."

முந்தின இரவு நான் ஆங்கிலத்தில் படித்துப் பாதி புரியாமல் விட்ட வழியும் அதுவேதான். ஒவ்வொரு முறை திரையை வரையும்போதும் பட்டியலின் தொடக்கத்தை நகர்த்திக்கொண்டே போனால், எல்லாக் கல்லும் முறை வைத்துத் தெரியும். கொஞ்சம் மினுக்கும், ஆனால் எதுவும் மறையாது. அன்று மாலைக்குள் எழுதி முடித்தேன். அத்தை ஆடிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரி" என்றார். ஒன்றைவிட ஒன்று கடினமாக நான்கு கட்டங்கள் வைப்பதாகத் திட்டம், மார்கழிக்குள் இரண்டு முடிந்தன.

மார்கழி கடைசியில் திருச்சிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். கீழே இருந்த முறிவு சரியாகக் கூடவில்லை என்றார் டாக்டர். இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம், கூடாவிட்டால் மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். அதே வாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. பரீட்சை நெருங்குவதால் என் வகுப்புகளுக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்களாம். "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள்.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன். மற்ற நேரம் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தேன். கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பத்து நாள் அப்படிப் போயிற்று. அத்தை ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

ஒரு நாள் மதியம் என் தலையை வாரிவிட்டபடியே கேட்டார்.

"மூணாவது கட்டத்துல என்னா வருது?"

"எனக்குத் தெரியல அத்தே. அத விடுங்க."

சீப்பு நிற்கவில்லை. வாரிக்கொண்டே சொன்னார்:

"உங்க மாமா போனப்ப நானும் இப்படித்தான் படுத்துக் கெடந்தேன். வந்தவங்க எல்லாம் அழுதாங்க, தேத்துனாங்க. எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. முப்பதாம் நாள் காரியம் கழிஞ்சி நீ ஒரு நாள் வந்த. பக்கத்துல குந்தி, 'கரும்பு வெட்டு எப்பத்தே'ன்னு கேட்ட. ஞாபவம் இருக்கா?"

எனக்கு இல்லை. அப்படிக் கேட்டிருந்தால், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல்தான் கேட்டிருப்பேன்.

"அப்பதான் எனக்குத் தோணுச்சு, வெட்ட ஆளு சொல்லணுமேன்னு. மறுநா எந்திரிச்சிப் போனேன். அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்டயும் சொல்லல." பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டார். "அதான் கேக்குறேன். மூணாவது கட்டத்துல என்னா வருது?"

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். என்னைப் பற்றி அவர் மனதில் இப்படி ஒரு நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தேன்.

"உங்களுக்கு என்ன வரணும்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "கொக்கு ஒண்ணு குறுக்கால பறக்கட்டும். அதச் சுடக் கூடாது. சுட்டா மார்க்கு போயிடணும்."

"வானத்துக்கும் மேல அத்தே அது. அங்க கொக்கு எப்படி வரும்?"

"கல்லு வருதுல்ல."

அன்று மாலை லேப்டாப்பைத் திறந்தேன். மூன்றாவது கட்டத்தில் வெள்ளைக் கொக்கு பறந்தது.

மாசி பிறந்தபோது நான்கு கட்டங்கள் முடிந்திருந்தன. கேமைப் பதிந்து கேசட்டுக்குள் வைப்பதற்கான சில்லை, அதாவது சிப்பை, சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்தோம். பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது, "புதுசா கேமா? இந்தப் பொட்டிக்கா?" என்று போனில் இரண்டு தடவை கேட்டார். "இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சி ஒக்காந்து பண்ணித் தரேன் டீச்சர்." செத்துப்போன ஒரு கேசட்டைப் பிரித்து, பழைய சில்லைக் கழற்றி, அந்த இடத்தில் எங்கள் கேமைப் பதிந்த சில்லை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். கணவர்தான் டூட்டிக்குப் போகும் வழியில் டிக்கெட் பையிலேயே அதை எடுத்துப்போனார், கொண்டுவந்தார்.

போட்டால் திரை முழுக்கக் குப்பை. லேப்டாப்பில் அழகாக ஓடியது, உண்மையான பெட்டியில் ஓடவில்லை. நான்கு நாள் தேடினேன். நகல் பெட்டி தொடங்கும்போதே தன் நினைவகத்தைத் துடைத்து வைத்துக்கொள்கிறது. உண்மையான பெட்டி அப்படிச் செய்வதில்லை. கரண்ட் வந்ததும் அதன் நினைவகத்தில் என்ன வேண்டுமானாலும் கிடக்கும், நாம்தான் முதலில் பெருக்கித் துடைக்க வேண்டும். அந்த ஒரு வேலையை எழுத மறந்திருக்கிறேன். சின்னத் திருத்தம்தான். பாய் முகம் சுளிக்காமல் சில்லை மறுபடியும் கழற்றி, திருத்தியதைப் பதிந்து பொருத்தினார்.

அதற்குள் ஆறு வாரம் முடிந்து எலும்பும் கூடிவிட்டது. மறுபடியும் திறக்க வேண்டாம், ஊன்றுகோலோடு நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் முதன்முதலாக வெளியே போன இடம் பாயின் கடை. அத்தையும் நானும் ஆட்டோவில் போனோம். ரிப்பேருக்கு வந்த டிவிகளுக்கு நடுவே ஒரு பழைய டியூப் டிவியை மேசை மேல் தூக்கி வைத்து, அதில் பெட்டியைச் சொருகித் தயாராக வைத்திருந்தார் பாய்.

"ஒக்காருங்கம்மா. நீங்கதான் மொதல்ல" என்று அத்தைக்கு ஸ்டூலைத் தள்ளினார்.

கருப்புத் திரையில் நட்சத்திரங்கள் இறங்கின. கப்பல் வந்தது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். முதல் கட்டத்தைச் சுலபமாகத் தாண்டினார். ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியைத் திரும்ப வாங்க வந்தவர், ரிமோட் கேட்டு வந்தவர் என்று நான்கைந்து பேர் பின்னால் நின்றுவிட்டார்கள். மூன்றாவது கட்டத்தில் கொக்கு வந்தபோது ஒருவர், "சுடுங்கம்மா, சுடுங்க" என்றார். அத்தை திரும்பாமலே, "அதச் சுடக் கூடாதுங்க" என்றார். நான்காவது கட்டத்தில் இரண்டு சுருள் கல்லுக்கு நடுவே மாட்டிக் கப்பல் வெடித்தது. கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"எப்படி இருக்குங்கம்மா?" என்று பாய் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. கடைசிக் கட்டம் மட்டும் கொஞ்சம் அவசரம்" என்று சொல்லிவிட்டு அத்தை என்னைப் பார்த்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஊன்றுகோல் இரண்டும் கக்கத்தில் இருந்ததால் என்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

செய்வது எப்படி என்று கற்றுக்கொடுத்த அந்த முகம் தெரியாதவர்களுக்கே கேமைக் கொடுத்துவிட்டேன், யார் வேண்டுமானாலும் இறக்கி ஆடிக்கொள்ளலாம் என்று. பிரேசிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கல் ஏன் சுருளாக இருக்கிறது, விண்வெளியில் வெள்ளைப் பறவை எப்படி வந்தது என்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் உள்ளதைச் சொல்லிப் பதில் போட்டேன். உங்கள் மாமியாருக்கு என் வணக்கம் என்று மறுபடியும் எழுதினார். படித்துக் காட்டியபோது அத்தை, "அவரு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டார்.

பங்குனியில் அத்தை திருமானூருக்குக் கிளம்பினார். அதற்கு முந்தின நாள்தான் கணவர் எதேச்சையாகச் சொன்னார். தை மாதம் சம்பா அறுவடைக்கு அத்தை ஊரில் இல்லாதது இதுவே முதல் முறையாம். தன் தம்பியை நிற்கச் சொல்லிவிட்டாராம். அறுப்பு நடந்த அந்த நாட்களில்தான் நான் ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒற்றை ஊன்றுகோலோடு போனேன். அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அந்தச் சொல் வாய்வரை வந்து, நாடகம் மாதிரி இருக்குமோ என்று தயங்கி நின்றது.

"அறுப்பு எப்படி அத்தே இருந்துச்சாம்?" என்று கேட்டேன்.

"பரவாயில்லையாம். போயிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பிறகு ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். "நீ நிக்காத, வெயிலு. வூட்டுக்குப் போ. நான் போயிட்டு வரேன்."

ஜூனில் பள்ளியில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். படி ஏறும்போது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. பாயும் என் கணவரும் இதை எழுதச் சொன்னார்கள். அத்தைக்குக் கம்ப்யூட்டரில் படிக்க வராது, அச்சில் வந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படிப்பார். அதனால் பஸ் ஸ்டாண்டில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நன்றி அத்தே.